ஞாயிற்றுக்கிழமை போன்

யார் காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்வது என்ற முடிவோடுதான் அவன் அந்த ஹாலுக்குள் காலெடுத்து வைத்தான்.

பின்னே? கல்யாண விஷயத்தில் அம்மாவோடு மல்லுக்கு நின்று, "இனிமே எனக்கு அம்மாவே இல்லை" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு வெளிநாட்டுக்குப் போனவன் அவன். கோபம் சீக்கிரமே போய்விட்டது. கூச்சம்தான் போகவில்லை. இன்றைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்று வருஷங்களைத் தள்ளிவிட்டான். அம்மா போன சேதி கிடைத்து, அடித்துப் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இன்றைக்கு நினைவுக் கூட்டம்தான் மிச்சம்.

குடியிருப்பில் இருந்த அத்தனை பேரும் கூடியிருந்தார்கள். அவர்களுக்கு அம்மா, 'சாவி அம்மா'. வேலைக்குப் போகிறவர்களின் வீட்டுச் சாவியெல்லாம் அம்மாவின் கதவுக்குப் பின்னால்தான் தொங்கும். அசந்துபோய் வந்து கதவைத் தட்டினால் சாவியோடு ஒரு டம்ளர் டீயும் கிடைக்கும்.

முதலில் எழுந்து வந்தது மூன்றாம் மாடி நர்ஸ் அக்கா.

"வந்துட்டியாப்பா!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "உன்னை மாதிரி ஒரு பிள்ளை எங்களுக்கு வாய்க்கலையேன்னு நாங்கள்லாம் பேசிப்போம்."

குத்திக் காட்டுகிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

"இந்தக் காலத்துல எந்தப் பிள்ளை வாரம் தவறாம அம்மாவுக்கு போன் பண்றான், சொல்லு? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆச்சுன்னா உங்கம்மாவைக் கையில பிடிக்க முடியாது. வராந்தாவுல நாற்காலியைப் போட்டுக்கிட்டு, போனை மடியில வெச்சு உக்காந்துடுவாங்க."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "போனா? நானா?"

"தன்னடக்கத்தைப் பாரு!" என்று சிரித்தார் கீழ்வீட்டுத் தபால்காரர். "'சொல்லுடா கண்ணா'ன்னு ஆரம்பிச்சாங்கன்னா மாடி மொத்தத்துக்கும் கேக்கும். நீ புது வீட்டுக்குக் குடிபோனது, உன் பொண்டாட்டிக்குக் காய்ச்சல் வந்து போனது, எல்லாம் எங்களுக்கு அத்துப்படி."

அவன் புது வீட்டுக்கும் போகவில்லை. அவன் மனைவிக்குக் காய்ச்சலும் வரவில்லை.

"உன் தங்கச்சி வீட்டுக்காரர் இருக்காரே..." நர்ஸ் அக்கா குரலைத் தாழ்த்தினார். "கூடவே இருந்து என்ன பிரயோஜனம்? எந்நேரமும் மோட்டார் ரிப்பேர்க் கடை. ஞாயிற்றுக்கிழமையாவது மாமியார் பக்கத்துல உக்காரக் கூடாதா? உன் போன் வர்ற நேரமாப் பாத்து மனுஷன் கடைக்குக் கிளம்பிடுவார். ஒரு தடவை, பாத்ரூம் தாழ்ப்பாள் ஆடுதுடான்னு உங்கம்மா உன்கிட்ட போன்ல குறைப்பட்டாங்க. மறுநாளே இவர் ஸ்க்ரூ டிரைவரும் கையுமா நிக்கிறார்! நீ அங்கேருந்து சொன்னாத்தான் அவருக்கு உறைக்குது."

அவனுக்கு இப்போது உறைத்துவிட்டது.

தங்கை ஓடிவந்து அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். "நீ வாராவாரம் பேசினதுதாண்ணா அம்மாவுக்குத் தெம்பு" என்று விசும்பினாள். ஆக, இவளுக்கும் தெரியாது.

"பிள்ளை வந்து ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்றது ஒரு குரல். எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின.

"இதோ வந்துடறேன்" என்று வெளியே பாய்ந்தான்.

மாடிப்படிக்குக் கீழே, தங்கையின் கணவர் தனியாக நின்று பிளாஸ்க்கிலிருந்து டம்ளர்களில் டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினது நீங்கதானே?"

அவர் நிமிரவில்லை. "மெதுவாப் பேசுங்க மச்சான்."

"எப்படி மெதுவாப் பேசறது? என் பேரைச் சொல்லி ஒரு வயசானவங்களை ஏமாத்தியிருக்கீங்க! பெத்த பிள்ளைதான் பேசறான்னு நம்பிக்கிட்டே போய்ச் சேர்ந்துட்டாங்களே! உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா?"

கத்தியதில் பாதி தன்மேல் இருந்த கோபம் என்பது அவனுக்கே தெரிந்தது. அதனாலேயே இன்னும் கத்தினான்.

"உள்ளே உங்களைத் திட்டறாங்க, என்னைக் கொண்டாடறாங்க. தாங்க முடியலை. இப்பவே போய் எல்லார் முன்னாடியும் சொல்லிடப் போறேன். நான் ஒரு தடவைகூடப் பேசினதில்லைன்னு."

பிளாஸ்க்கை டொக்கென்று வைத்துவிட்டு அவன் கையை இறுக்கிப் பிடித்தார் அவர். "வேணாம் மச்சான். திட்டு எனக்குப் பழகிடுச்சு. நீங்க வாயைத் திறந்தா, அத்தை பட்ட பாடெல்லாம் வீணாப் போயிடும்."

"அம்மா என்ன பாடு பட்டாங்க? பேசினது நீங்க!"

"நான் எங்கே பேசினேன்? கடையிலேருந்து நம்பரை அழுத்துவேன், காதுல வெச்சுக்கிட்டுச் சும்மா நிப்பேன். கேள்வி, பதில், சிரிப்பு எல்லாம் அவங்களேதான்."

"அப்போ... அம்மாவுக்குத் தெரியுமா?"

அவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யோசனையே அவங்களோடதுதான். 'அவன் பேசறதில்லைன்னு தெரிஞ்சா இந்தக் குடியிருப்பே என் பிள்ளையைக் கரிச்சுக் கொட்டும். நீங்க வாரத்துக்கு ஒரு தடவை போனை மட்டும் அடிச்சு விடுங்க மாப்பிள்ளை, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்'னாங்க."