மூன்றாவது ஊசி

“வயலின் கொஞ்சம் கரகரங்குதே?” என்றார் பெரிய துரை. கண்ணை மூடி, நாற்காலியில் சாய்ந்து, ஒற்றை விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஆமாங்க தொரை, கரகரங்குதுங்க” என்றான் திலக்ஷன். ஒரு கரகரப்பும் இல்லை. இருக்கவும் முடியாது.

டிசம்பர் முப்பத்தோராம் தேதி கிளப்பில் நடக்கும் நடனத்துக்கு டீஜே தேடிக்கொண்டிருந்தார் துரை. கிளப்புக்கு அவர்தான் செயலாளர். இரண்டு வருடமாக நோர்வூட் பக்கம் சடங்கு வீடு, திருவிழா என்று இசைத்தட்டைச் சுழற்றிக்கொண்டிருந்த திலக்ஷனுக்கு இந்த ஒரு வேலை கிடைத்தால் போதும், நுவரெலியா ஹோட்டல்களெல்லாம் தானாகக் கூப்பிடும். கிடைக்காவிட்டால் தை பிறந்ததும் கொழும்புக்குப் போய் மாமாவின் கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்க வேண்டியதுதான்.

பங்களா வாசலில் வைத்தே தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் இராமையா அவன் காதில் ஓதியிருந்தார். “தம்பி, உங்கிட்ட இருக்கிற ஊசி எல்லாத்தையும் மாட்டிக் காட்டு. தொரை காதால கேட்டுத்தான் எடுப்பாரு. என்ன சொன்னாலும் ‘ஆமாங்க தொரை’ன்னுடு. போன வருசம் வந்தவன் தங்கமான புள்ள, ஒரு வார்த்தை எதுத்துப் பேசல.”

“அப்ப அவரையே கூப்பிடலாமேங்க?”

“எங்க கூப்பிடுறது! பலகைத் தரையில எல்லாரும் குதிச்சாங்க, ஊசியும் சேந்து குதிச்சிருச்சு. பாட்டு விட்டு விட்டு நின்னு, வந்தவங்க சாப்பாட்டுக்கு முந்தியே கெளம்பிட்டாங்க. தொரைக்கு மானம் போச்சு.”

திலக்ஷனுடைய செட் புதுசு. சுற்றுகிற தட்டில் பாட்டே கிடையாது; ‘கீ’ என்று ஒரே சத்தம் மட்டும் பதிந்திருக்கும். அந்தச் சத்தத்தை ஊசி படித்துச் சொல்லும், அதைக் கேட்டு லெப்டொப் தன்னிடம் இருக்கிற பாட்டைப் பாடும். ஊசியைத் தூக்கினால் பாட்டும் நிற்பதால், பார்க்கிறவர்கள் தட்டுதான் பாடுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆக, எந்த ஊசியை மாட்டினாலும் வயலின் ஒரே வயலின்தான். ஆட்டம் போடும் இடத்தில் குதிக்காமல் நிற்கிறதா என்பது ஒன்றுதான் ஊசியில் பார்க்க வேண்டியது. இதையெல்லாம் துரைக்கு யார் சொல்வது?

“இந்த டைப்ரைட்டரை எதுக்குத் தூக்கிட்டு வந்த?” என்று துரை லெப்டொப்பைக் காட்டிக் கேட்டார்.

“சும்மா, பாட்டுப் பேரு பாக்கத்தாங்க” என்றான் திலக்ஷன்.

சமையல்காரர் தேத்தண்ணி கொண்டுவந்து லெப்டொப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். துரை அந்தக் கோப்பையை எடுத்து, சுற்றிக்கொண்டிருந்த தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

திலக்ஷன் இரண்டாவது ஊசியை மாட்டினான். முனை உருண்டையானது, பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், ஆனால் பூமி அதிர்ந்தாலும் இடத்தை விட்டு அசையாது. கிளப்பின் பலகைத் தரைக்கு அதை விட்டால் வேறு ஊசி இல்லை.

“சீ! மாட்டு வண்டியில உக்காந்து கேக்கிற மாதிரி இருக்கு” என்றார் துரை.

வாய் வரைக்கும் வந்ததை அவன் விழுங்கிக்கொண்டான். “ஆமாங்க தொரை. கொஞ்சம் கரடுதாங்க.”

“யோசிச்சுச் சொல்லு. நான் தேயிலைக்காரன். டீஜே நீதான்.”

“தொரை காதுக்கு முன்னால நாங்கெல்லாம் எம்மாத்திரங்க?”

மூன்றாவது ஊசி மெலிசு. பளபளவென்று பெட்டியில் படுத்திருக்கும், மூன்றிலும் விலை கூடியது. பக்கத்தில் யாராவது பலமாக இருமினால்கூடக் குதித்துவிடும் என்பதால், வாங்கிய நாளிலிருந்து அதை அவன் வெளியே எடுத்ததே இல்லை.

துரையின் முகம் மலர்ந்துவிட்டது. “ஆகா! தேன்!”

“ஆமாங்க தொரை, தேனுங்க.”

“இதுதானே கிளப்புக்குச் சரி?”

“இதேதாங்க தொரை. தொரை எடுத்தா அதுல மறுபேச்சு ஏதுங்க?”

துரை மெதுவாகத் தலையாட்டினார். “காலையில ஹட்டன்ல இருந்து ஒருத்தன் வந்தான். எதைச் சொன்னாலும் இல்ல, இல்லங்கிறான். கால் மணி நேரம் எங்கூடச் சண்டை.”

திலக்ஷனுக்கு உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது. பாவம், பிழைக்கத் தெரியாத ஜென்மம் என்று அந்த ஹட்டன்காரனுக்காக ஒரு நிமிடம் இரக்கப்படக்கூடச் செய்தான்.

துரை எழுந்து நின்று வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார். இராமையா ஓடி வந்தார்.

“கிளாக்கர், காலையில வந்தவனுக்குப் போன் போடுங்க. முப்பத்தொண்ணுக்கு அவனையே வரச் சொல்லுங்க.”

திலக்ஷனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “தொரை! நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனுங்களா?”

துரை லெப்டொப்பின் மூடியை மெல்ல மடக்கினார். பாட்டு டக்கென்று நின்றது. தட்டு மட்டும், மூன்றாவது ஊசியைச் சுமந்தபடி அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

துரை நாற்காலியில் சாய்ந்து, மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

“இப்பச் சொல்லு, வயலின் எப்படி இருக்கு?”