‘கில்’ என்ற சொல்லுக்கான அட்டை

அட்டையைத் திருப்பினாள்.

திருப்பியிருக்க வேண்டாம். முன்பக்கத்தைப் படித்து, மூலையில் ஒரு டிக் போட்டு, அடுத்ததற்குப் போயிருக்கலாம். பதினாறு வருடமாக அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

ஆங்கிலம்–தமிழ் அகராதி. கணவர் சிவசைலம் அட்டை எழுதுவார். பூங்கோதை சரிபார்ப்பாள். வீட்டின் முன்னறைதான் அலுவலகம்.

இன்று ‘கில்’ என்ற சொல்.

முதல் பொருள், உயிரைப் போக்குதல். எடுத்துக்காட்டு: ‘மோட்டார் ரூமுல பாம்பு. நான்தான் அடிச்சுக் கொன்னேன்.’

இரண்டாம் பொருள், தாங்க முடியாத வேதனை தருதல். எடுத்துக்காட்டு: ‘ஒண்ணுமே பேசாம பக்கத்துல உக்காந்து என்னைக் கொல்லாதீங்க.’

நல்ல வாக்கியம். அதுதான் வயிற்றெரிச்சல்.

சிவசைலத்துக்கு ஒரு கொள்கை உண்டு. எடுத்துக்காட்டைத் தானாக இட்டுக்கட்ட மாட்டார். யாராவது சொல்லி, அவர் தன் காதால் கேட்டிருக்க வேண்டும். சொன்னவர் பெயர், இடம், நாள், மூன்றையும் பின்பக்கம் எழுதிவைப்பார். பின்பக்கம் அவர் பாடு, அவள் பார்ப்பதில்லை. மனிதர் வீட்டில் பொய் சொல்வார். அட்டையில் சொல்ல மாட்டார்.

பாம்பைச் சொன்னது வாட்ச்மேன்.

மற்றதைச் சொன்னது நித்யகலா.

செவ்வாயும் வெள்ளியும் வந்து அட்டைகளைக் கணினியில் ஏற்றுகிற நித்யகலா.

இடம்: திருவான்மியூர் கடற்கரை. நாள்: ஆகஸ்ட் பதினேழு, ஞாயிறு.

அன்றைக்கு அக்கா மகளுக்கு வளைகாப்பு. தலை வெடிக்கிறது, நீ மட்டும் போய் வா என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டவர். தலைவலிக்குக் கடற்காற்று நல்லதென்று எந்த டாக்டர் சொன்னாரோ.

கொல்லாதீங்க என்று யாரைப் பார்த்துச் சொல்லியிருப்பாள்? சுண்டல்காரரையா?

நாளை வெள்ளி. வந்து உட்கார்ந்து, தன் வாக்கியத்தைத் தானே கணினியில் ஏற்றுவாள்.

பூங்கோதை எழுந்துபோய் இழுப்பறைகளைத் திறந்தாள். ‘ஏ’யில் தொடங்கினாள். ஒவ்வொரு அட்டையாகத் திருப்பினாள்.

பால்காரர் இருந்தார். ஷேர் ஆட்டோவில் வந்த ஒரு பெண் இருந்தாள், பெயர் தெரியாது என்ற குறிப்போடு. எதிர்வீட்டு விசாலாட்சி மாமி ஏகப்பட்ட இடங்களில் இருந்தாள். பூங்கோதையின் அம்மாகூட இரண்டு இடத்தில்.

‘ஜே’ முடியும்போது மணி மூன்று. உலை வைக்கவில்லை. பசிக்கவும் இல்லை.

பூங்கோதை எங்கும் இல்லை.

பதினாறு வருடத்தில் அவள் எவ்வளவு பேசியிருப்பாள்! மூன்றாம் முறையும் குழந்தை தங்காமல் போனபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அதில் ஒரு வாக்கியமாவது தேறவில்லையா?

கடற்கரைக்குப் போனதைக்கூட எப்படியாவது விழுங்கிவிடலாம் போலிருந்தது. ஆனால் அங்கே அவர் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். மறக்காமல் வீடு வரை கொண்டுவந்திருக்கிறார். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பொறாமைதான். அகராதிக்காரிக்கு வேறு நாகரிகமான சொல் கிடைக்காமல் இல்லை. தேட மனமில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. சிவசைலம் உள்ளே வந்தார். மின்விசிறியைப் போட்டார். திறந்து கிடந்த இழுப்பறைகளைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து நேற்று விட்ட இடத்தைத் தேடினார்.

அவள் அவருக்கு எதிரே போய் நின்றாள். அழக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். குரல் உடைந்துவிட்டது.

“தினம் எங்கூடவே இருந்துகிட்டு, கொஞ்சம் கொஞ்சமா என்னைக் கொன்னுக்கிட்டிருக்கீங்க.”

அவர் சட்டென்று நிமிர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

“அருமையா இருக்கே! யாரு சொன்னது?”