கறுத்துப் போகும் திரை

நிலாவெளியில் மதிசுதனின் வீட்டுக்குக் கணினி திருத்த வந்த றுவைஸுக்கு எரிச்சலாக வந்தது.

"எத்தனை நிமிசத்துக்கு ஒருக்கா திரை கறுத்துப் போகுது, அண்ணன்?"

"தெரியாது தம்பி. என்ர மனிசியைத்தான் கேக்கோணும்." ஒரு காதில் ஹெட்போனுடன் மதிசுதன் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார்.

"இப்பவும் கறுப்பாத்தானே கிடக்கு. என்னத்தை டைப் பண்ணுறீங்க?"

"கதை. முடியப்போகுது."

றுவைஸ் பின்பக்கம் குனிந்து, தளர்ந்திருந்த கேபிளை இறுக்கினான். திரை நிறைய எழுத்துத் தெரிந்தது.

"இனிக் கறுக்காது. பாருங்க."

மதிசுதன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, மேசையோரம் சாய்த்திருந்த வெள்ளைப் பிரம்பைத் தடவி எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எனக்கு இது எல்லாத்தையும் காதுக்குள்ள வாசிச்சுச் சொல்லும், தம்பி. ஆனா என்ர கதையை முதல்ல வாசிக்கிறது மனிசி. பாவம், அவவுக்கு இருட்டில வாசிக்க ஏலாது."