நூலில் போட்ட முடிச்சு

மலைமேல் ஒண்டிக்கடை முனையில் உள்ள விடுதியின் வரவேற்பறைக் கண்ணாடியில் மூடுபனி ஈரமாக ஒட்டியிருக்கிறது. மேசைக்குப் பின்னால் ராஜேஸ்வரி சேலையைச் சற்று உயர்த்தி, கெண்டைக்காலில் பூக்கட்டும் நூலைச் சுற்றி அளக்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன் போட்ட முடிச்சை நூலின் நுனி இன்றும் அச்சுப் பிசகாமல் தொடுகிறது. சர்க்கரைக்காக டாக்டர் தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார். போட்டுக்கொண்டு நின்றாலே கால் இறுகி மெலியும் என்றது கடையில் பார்த்த ஒரு ஷூவின் அட்டைப்பெட்டி. அவள் பெட்டியை நம்பி வாங்கினாள். இப்போது நூலைத்தான் சந்தேகப்படுகிறாள். ஈரத்தில் அது சுருங்கியிருக்கும். கிளியூரிலிருந்து மேடேறி வேலைக்கு வந்த கண்ணம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கழற்றிப் போட்டிருக்கும் ஷூவை ஒரு விரலால் அமுக்குகிறாள். ஏரிப் படகின் அடிபோல் வளைந்த அது முன்னும் பின்னும் ஆடுகிறது.

“சும்மா நின்னாலே போதுங்களா?”

“நடந்தா இன்னும் சீக்கிரமாம்க்கா.”

ஷூ ஆடி ஓயும்வரை கண்ணம்மாள் அதையே பார்க்கிறாள். அவள் குதிகாலில் செம்மண் இன்னும் காயவில்லை.

“ஏனுங்க மேடம், நடந்தாத்தான் காலு சீக்கிரம் இறுகும்னா, இது என்னங்க பண்ணுது?”

ராஜேஸ்வரி சதை பிதுங்க நூலை இழுக்கிறாள். நுனி முடிச்சைத் தாண்டி ஒரு விரற்கடை வருகிறது.

“பாருங்கக்கா, கொறஞ்சிருக்கு.”