இரண்டு விமானங்களுக்கு நடுவே

பெடாஸ் என்ற சிற்றூருக்கு வெளியே, செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் இருக்கிறது அந்த மையவாடி. ஹசீனா பேகம் ஒரு மண்மேட்டின் தலைமாட்டில் நட்டிருக்கும் புது மீசான் கல்லுக்கு முன்னால் நிற்கிறாள். சென்னை விமானம் காலையில் அவளை இந்த நாட்டில் இறக்கிவிட்டது. பெர்த்தில் பிரசவத்துக்குக் காத்திருக்கும் மகளிடம் போகிற விமானம் சாயங்காலம்தான். நடுவில் கிடைத்த பகலில், இங்கே வேலைக்கு வந்து இறந்துபோன மகன் இர்ஷாதை அடக்கிய இடத்தை முதல்முறையாகப் பார்க்க வந்திருக்கிறாள். அவன் வேலை பார்த்த சாப்பாட்டுக் கடையின் முதலாளி மீரா சாஹிப்தான் காரில் கூட்டி வந்தார். மழை விட்டு வெயில் அடிக்கிறது. மட்டைகளிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டுகிறது. தோட்டத்துக்குள் குலை ஏற்றும் லாரி ஒன்று உறுமுகிறது. "யார் மேலயும் தப்பு இல்ல லா, தங்கச்சி. மழையில அவன் ஓட்டிட்டு வந்த மோட்டார் வழுக்கிருச்சு," என்கிறார் அவர், அவள் கேட்காமலேயே. அவள் தலையாட்டுகிறாள். அழுகை வரும் என்று கைக்குட்டையை எடுத்து வைத்திருக்கிறாள், வரவில்லை. கல்லின் மேல் ஊர்கிற எறும்பையே பார்க்கிறாள். "வேளாவேளைக்குச் சாப்பிட்டானா, நானா?" அண்ணனிடம் கேட்பதுபோல் கேட்கிறாள். "எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் உட்காருவான். மீன் கறின்னா ரெண்டு தட்டு." மீரா சாஹிப் கார் சாவியை எடுக்கிறார். "கெளம்பலாமா? ரோடு ஜாம் ஆயிரும்." ஹசீனா குனிந்து ஈர மண்ணில் உள்ளங்கையை வைக்கிறாள். மூன்று வருஷமாக மகனோடு போனில்தான் பேசியிருக்கிறாள். வேறு விதமாக விடைபெற அவளுக்குத் தெரியவில்லை. "சரி தம்பி," என்கிறாள், "வச்சிரட்டுமா?"