தீராத பச்சை

"அத்தான் எங்கேக்கா?" வீட்டுக்குள் நுழைந்ததும் தம்பி கேட்டான்.

"வேற எங்கே? பேஸ்மென்ட்லதான். கான்கிரீட் சுவத்துல இருக்கிற பழைய பச்சை பெயிண்ட்டைச் சுரண்டுறார். ஆபீஸ் விட்டு வந்து இறங்கினா, சாப்பாட்டுக்குத்தான் மேல வர்றார்."

"போன தடவை வந்தப்பவும் அதைத்தானே சுரண்டிட்டிருந்தார்?"

"கான்கிரீட்டாச்சே, லேசுல விடுமா? மனுஷன் ஓடாத் தேயுறார்."

மனசு கேட்காமல், சட்டைக் கையை மடித்துக்கொண்டு தம்பி கீழே இறங்கினான்.

மூன்று சுவர்கள் பெயிண்ட் சுரண்டப்பட்டு பளிச்சென்று இருந்தன. சுரண்டும் தகடு ஈஸிசேரில் கிடந்தது. நான்காவது சுவரில் அத்தான் விசிலடித்தபடி பச்சை பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா காதுல போட்டுடாதே மச்சான்!" என்று பதறினார். "சுரண்டி முடிச்சு மாசக்கணக்காச்சு. வேலை முடிஞ்சுதுன்னா நான் மேல போயாகணுமே! அதான் அடிக்கிறதும் சுரண்டுறதுமா ஓட்டுறேன். வீட்டை வித்தவர் விட்டுட்டுப் போன பெயிண்ட், தீரவே மாட்டேங்குது!"

தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே வந்தான்.

"கஷ்டமான வேலைதாங்க்கா. இன்னும் ஒரு மாசம் இழுக்கும்போல."

"நல்லா இழுக்கட்டும்." சோபாவில் காலை நீட்டி, டிவி ரிமோட்டைக் கையில் எடுத்தாள் அக்கா. "டப்பா காலியாகப் போகுதேன்னு இன்னிக்குத்தான் அதே பச்சையில இன்னொண்ணு வாங்கி, படிக்கட்டுக்கு அடியில வச்சேன்."