படகு வரும் வரை

"துப்பாக்கியைக் கொடுத்துடு. இன்னியிலேர்ந்து உனக்குக் காவல் வேலை கிடையாது. போய் அடுக்களையில வெங்காயம் உரி."

கமாண்டர் கையை நீட்டியதும் அந்த இளம் சிப்பாய் மறுபேச்சில்லாமல் துப்பாக்கியைக் கழற்றிக் கொடுத்தான். என்ன தப்புப் பண்ணினேன் என்றுகூடக் கேட்கவில்லை. சுபாவமே அப்படி, தீவில் எல்லோரும் அவனை ஊமைக்கோட்டான் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவன் தகரக் கொட்டகையைத் தாண்டும் வரை பொறுத்திருந்து, கமாண்டர் மற்றவர்களைக் கூட்டினார். காலையில் ரேடியோக்காரன் கொண்டுவந்து நீட்டிய சீட்டு அவர் கையில் இருந்தது. "அவங்கம்மா போயிட்டாங்கடா. தூக்கத்துலேயே உசிரு போயிருக்கு."

"ஐயையோ, ஒத்தப் புள்ளையாச்சே சார்!" சமையல்காரர் தலையில் கை வைத்தார். "வேற யாருக்காவது வந்த செய்தியா இருக்கப் போவுது."

"அதெல்லாம் இல்லை. கரைக்காரன் அவன் நம்பரைச் சொல்லித்தான் செய்தி குடுத்திருக்கான். இங்கேருந்து ஒரு சொல் விடாம திருப்பிச் சொன்ன பிறகுதான் லைனையே விடுவான், தெரியுமில்ல? போட் நாளைக் கழிச்சுத்தான் வருது. அதுவரைக்கும் எவனாவது மூச்சு விட்டீங்க, தொலைச்சுடுவேன்."

கையில் துப்பாக்கி இருப்பவனிடம் சாவுச் செய்தி சொல்லக் கூடாது என்பது இந்த மாதிரி முகாம்களில் எழுதாத சட்டம். அதிலும் இது சொந்த நாட்டை விட்டுக் கடல் தாண்டிக் கிடக்கிற பாறை; நாலு பக்கமும் தண்ணீர். போன வருஷம் ஒருவனிடம் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டார்கள், மறுநாள் அவனுடைய பூட்ஸ் மட்டும்தான் கரையில் கிடந்தது. இன்னொரு பிள்ளையையும் அப்படிப் பறிகொடுக்கக் கமாண்டருக்குத் தெம்பில்லை.

"உனக்கும் சேர்த்துத்தான்டா," என்று அவர் ரேடியோக்காரனைப் பார்த்தார். கடைவாய்ப் பல் வீங்கி, தாடையைத் துண்டால் கட்டிக்கொண்டு, முந்தின நாளிலிருந்து எதற்கும் "ம்ம்" என்றே முனகிக்கொண்டிருந்த அவன், தலை நிமிராமல் இதற்கும் "ம்ம்" என்றான். "நல்லவேளை, உன்னால உளற முடியாது," என்றார் கமாண்டர்.

அடுக்களையில் நாடகம் ஆரம்பமானது. சமையல்காரர் ஒரு கூடை வெங்காயத்தை ஊமைக்கோட்டான் முன்னால் கொட்டி, "நாளைக் கழிச்சு போட்ல நீயும் கரைக்குப் போற. சாமான் ஏத்திட்டு வரணுமாம்," என்றார். "சரிண்ணே," என்று அவன் கத்தியை எடுத்தான்.

உரித்தது அவன், அழுதது சமையல்காரர். மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, "சனியன் பிடிச்ச வெங்காயம், என்னா காரம்டா!" என்று அதன் மேல் பழியைப் போட்டார். கூடை காலியாகியும் ஊமைக்கோட்டான் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

"உனக்கு எரியலையாடா?"

"இல்லண்ணே."

"ஏதாச்சும் பேசித் தொலையேன்டா."

"பேசினா போட் சீக்கிரம் வந்துடுமாண்ணே?"

பாவம், கரைக்குப் போனால் அம்மாவோடு ஆற அமரப் பேசலாம் என்று நினைக்கிறான் போல. சமையல்காரர் அவசரமாக அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் கேரம் போர்டில், யாரையும் ஜெயிக்க விடாத சுருட்டைத் தலையன் வேண்டுமென்றே ஊமைக்கோட்டானிடம் தோற்றான். இன்னொருவன் அவன் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு வைத்தான். எல்லாவற்றையும் அவன் பார்த்தான். எதற்கும் ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் வீட்டுக்குப் பேசும் நாள். சாட்டிலைட் போனுக்கு எப்போதும் முதல் ஆளாக நின்று, "சாப்பிட்டியாம்மா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, மீதி நேரமெல்லாம் அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பான். கமாண்டர் பாட்டரியைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு, "போன் ரிப்பேர்" என்று சொல்வதற்கு ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

அவனோ அந்தப் பக்கமே வரவில்லை. படகுத்துறைப் படிகளில் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று கமாண்டர் பெருமூச்சு விட்டார்.

அதற்கு மறுநாள் படகு வந்தது. சாமான் ஏற்றப் போகிறவனை வழியனுப்ப முகாமே திரண்டு துறைக்கு வருமா? அதையும் அவன் கேட்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான்.

துப்பாக்கி இல்லை, படகும் வந்தாயிற்று. இனிச் சொல்லலாம். கமாண்டர் அவன் தோளில் கை வைத்தார்.

"தம்பி... உங்கம்மா..."

"முந்தாநாள் விடியக்காலையில. தூக்கத்துலேயே," என்றான் அவன், கடல் அமைதியாக இருக்கிறது என்று தினமும் சொல்கிற அதே குரலில். "தெரியும் சார்."

கமாண்டர் சட்டென்று திரும்பினார். "எவன்டா உளறினது?" என்று சுற்றி நின்றவர்களை முறைத்தார். ரேடியோக்காரன் துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

ஊமைக்கோட்டான் அவனுக்கும் கமாண்டருக்கும் நடுவில் வந்து நின்றான்.

"அவனை ஒண்ணும் பண்ணிடாதீங்க சார். செய்தி வந்தப்போ வாயைத் திறக்க முடியாம சுருண்டு கிடந்தான். கரைக்காரனுக்கு ஒவ்வொரு சொல்லா திருப்பிச் சொன்னது நான்தான்."